பத்துத் தொட்டிகளும் ஒரு கயிற்றுப் பாயும்

கயிறு விற்கும் தொழிலில் நாற்பது ஆண்டு இருந்தும் கறாராக ஒரு வார்த்தை பேசத் தெரியாத கனிவாளர், நமது சாலைக்கடைத் தமிழ் வாசகர் மன்றத்தின் தலைவர், ஐயா நீலகண்டன் அவர்களே! மேடையை நிறைத்து வீற்றிருக்கும் மன்றத்துப் பெரியோர்களே! முன்வரிசையில் முகம் மலர அமர்ந்து, பின்வரிசையில் பேசுகிறவர்களைத் திரும்பிப் பார்த்தே அடக்கிவிடும் ஆற்றல் வாய்ந்த தாய்மார்களே! நாஞ்சில் நாட்டையும் நெல்லைச் சீமையையும் நெஞ்சிலே சுமந்து, இந்த அனந்தபுரியாம் திருவனந்தபுரத்தில் அரிசியும் துணியும் ஆணியும் விற்று வாழ்கிற வணிகப் பெருமக்களே! வேலை முடிந்த கையோடு, தலையில் சிமென்ட் தூசியோடு வந்து ஓரமாக நிற்கிற தோழர்களே, உள்ளே வாருங்கள், நாற்காலி இருக்கிறது! தமிழ் முழுதும் புரியாவிட்டாலும் தலையாட்டுவதில் குறை வைக்காத மலையாள நண்பர்களே! கழக்கூட்டத்து அலுவலகங்களிலிருந்து புறப்பட்டு, இந்த நேரம் நெடுஞ்சாலை நெரிசலில் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே! உங்கள் எல்லோருக்கும், ஓய்வுபெற்ற பொறியாளன் ஆறுமுகநயினாரின் அடக்கமான வணக்கம்.

அடக்கமான என்றதும் இரண்டாம் வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது. அது என் மகள் திவ்யலட்சுமி. மைக் கிடைத்தால் நான் விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கு விட்டுவிடுகிறேன் அம்மா, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான்.

தலைவர் சற்று முன்பு என் தோளில் ஒரு பொன்னாடை போர்த்தினார். நான் அதைக் கழற்றி மடித்து இந்த மேசைமேல் வைத்தேன். வெயில் காலம், வியர்க்கிறது போலும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இல்லை. மீன்களுக்குப் படி கட்டிய மேதை என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறீர்கள். அந்தப் பொன்னாடை எனக்கு உரியதுதானா என்பதை நான் பேசி முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள். அதுவரை அது மேசையிலேயே இருக்கட்டும்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், மகளை அவளுடைய நிறுவனம் இரண்டு வருடம் அமெரிக்காவுக்கு அனுப்பியது. விடுப்பு எடுத்துக்கொண்டு பின்னாலேயே நானும் போனேன். மற்றவர்கள் போனால் கட்டடம் பார்ப்பார்கள், கடைவீதி பார்ப்பார்கள். நான் முப்பது வருடம் தண்ணீரைத் தடுத்துத் தேக்கிச் சம்பளம் வாங்கியவன். எனக்கு அணை பார்க்க வேண்டும். கொலம்பியா என்றொரு மகாநதி. அதன் குறுக்கே, பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் ஓர் அணை. என்ன மதகு, என்ன மின்சாரம், என்ன முழக்கம் என்று நான் வாய் பிளந்து நிற்கும்போது மகள் சொன்னாள், அப்பா, கீழே ஒரு கண்ணாடி இருக்கு, வாங்க என்று.

போனேன். சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கப்பால் ஆறு. அணையின் ஓரத்தில் மீன்கள் ஏறுவதற்காகத் தொட்டித் தொட்டியாக ஒரு படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். ஒரு தொட்டிக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய ஓர் அடி உயரம். அந்தப் படிக்கட்டின் நடுவில்தான் கண்ணாடி. பக்கத்து அறையில் ஓர் அம்மாள் உட்கார்ந்து, கடந்து போகிற ஒவ்வொரு மீனையும் எண்ணிப் பதிகிறார். மீனை எண்ணுவதே ஒருவருக்கு உத்தியோகம்.

அங்கேதான் நான் சால்மனைக் கண்டேன். என் முழங்கை நீளம் இருந்தது. முதுகுத் துடுப்பு கிழிந்திருந்தது. எதிர்த்து வரும் வெள்ளத்தில் வாலை மட்டும் அசைத்துக்கொண்டு, முன்னும் போகாமல் பின்னும் போகாமல், கண்ணாடிக்கு அருகே ஒரு நிமிடம் இளைப்பாறியது. நான் கண்ணாடியில் கையை வைத்தேன். பிறகு ஒரே உந்தல். போய்விட்டது. என் கை கண்ணாடியிலேயே இருந்தது.

அந்த மீன் யார்? எங்கே பிறந்தது? மலைமேலே, கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தொலைவில், குளிர்ந்த ஓடையின் கூழாங்கல் இடுக்கில் பிறந்தது. விரல் நீளம் வளர்ந்ததும் ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போனது. ஓரிரு வருடமா, சில மீன்களுக்கு நான்கைந்து வருடமா, எல்லையற்ற உப்பு நீரில் அலைந்தது. பிறகு ஒருநாள் யாரும் கூப்பிடாமல் திரும்பியது. எந்த ஆற்றில் இறங்கியதோ அதே ஆற்றுக்கு. அந்த ஆற்றிலும் எந்தக் கிளையில் பிறந்ததோ அதே கிளைக்கு. வழி சொன்னது யார்? வாசனை. பிறந்த ஓடையின் தண்ணீர் வாசனையை அது மறப்பதில்லை. நாம் மட்டும் என்ன, தம்பானூரில் பேருந்தை விட்டு இறங்கியதும் எந்தக் கடையில் வாழைக்காய் பஜ்ஜி பொரிகிறது என்று மூக்கை வைத்தே போகிறவர்கள்தானே. ஆனால் ஐந்து வருடம் கழித்து, ஒரு சமுத்திரத்தைத் தாண்டி வந்து, நம்மால் அதைச் செய்ய முடியுமா?

ஆற்று நீரைத் தொட்டதும் அது உண்பதை நிறுத்திவிடுகிறது. உடம்பில் இருக்கும் கொழுப்பை எரித்துக்கொண்டே ஏறுகிறது. அருவி வந்தால் தாவுகிறது. பாறை வந்தால் மோதுகிறது. பிறந்த இடத்தை அடைந்து, முட்டையிட்டு, அங்கேயே இறந்துபோகிறது. கரடி தின்கிறது, கழுகு தின்கிறது, மிச்சம் மண்ணுக்குப் போகிறது. அந்தக் கரையில் நிற்கும் மரங்களை ஆராய்ந்தால் அவற்றுக்குள்ளே கடலின் சத்து இருக்கிறதாம். கடல் மலையேறி மரத்துக்குள் போயிருக்கிறது பெரியோர்களே. அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு மீன். எனக்கு அதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது, இப்போது சொல்லும்போதும் சிலிர்க்கிறது.

இந்த மீனின் பாதையில்தான் நாம் அணை கட்டினோம். நாம் என்கிறேன், என் இனத்தார், பொறியாளர்கள். ஒன்று இரண்டு அல்ல. ஒரு மலை ஏரிக்குப் போகிற சால்மன், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே எட்டு அணைகளைத் தாண்ட வேண்டும். ஏறுவதாவது பரவாயில்லை. குஞ்சுகள் இறங்க வேண்டுமே. ஓடுகிற ஆறு தள்ளிக்கொண்டு போன பயணம், தேங்கிய நீரில் நகர மாட்டேன் என்கிறது. நீர் சூடாகிறது. மின்சாரச் சக்கரத்தில் சிக்கிச் சாகின்றன. அதற்காகக் குஞ்சுகளைப் பிடித்து லாரியிலும் படகிலும் ஏற்றி அணைகளைத் தாண்டிக் கொண்டுபோய் விடுகிறார்கள். ஆற்றில் பிறந்த மீன் லாரியில் போகிறது. 1992-ஆம் ஆண்டு, ஒரு காலத்தில் மீன்களால் சிவந்து கிடந்த அந்த ஏரிக்கு, அந்த இனத்தில் திரும்பி வந்தது எத்தனை தெரியுமா? ஒன்று. ஒரே ஓர் ஆண் மீன். எட்டு அணைகளையும் தாண்டி வந்து பார்த்தால், தனக்குத் துணை என்று ஒருத்தியும் இல்லை.

பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார், அணையெல்லாம் இடிக்கணுமா என்று. அண்ணாச்சி, நானும் குழாய்த் தண்ணீர் குடிக்கிறவன். அங்கே பழுதான சில அணைகளை எடுத்திருக்கிறார்கள், எடுத்ததும் மீன்கள் திரும்பியிருக்கின்றன. எல்லா இடத்திலும் அது நடக்காது. தண்ணீரும் வேண்டும், மீனும் வேண்டும். அதனால்தானே படிக்கட்டு. அந்தப் படிக்கட்டைத்தான் நான் மனத்தில் வரைந்துகொண்டு விமானம் ஏறினேன்.

இனி என் கதை. பொன்முடி போகிற வழியில், கல்லாறு ஊருக்குக் கீழே, ஆற்றில் ஒரு தடுப்பணை இருக்கிறது. பெரியது அல்ல, மூன்று மீட்டர் உயரம், கருங்கல் கட்டு, என் தகப்பனார் காலத்துச் சுவர். குடிநீருக்காகக் கட்டியது. பழுது பார்க்கும் வேலை என் கைக்கு வந்தது, ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கும்போது. அதில் ஒரு மீன் படிக்கட்டும் சேர்க்க வேண்டும் என்று நான் மேலிடத்தில் கெஞ்சினேன், வாதாடினேன், படம் போட்டுக் காட்டினேன். சம்மதித்தார்கள். பத்துத் தொட்டிகள். ஒவ்வொன்றும் முப்பது சென்டிமீட்டர் உயரம். கொலம்பியாவில் பார்த்தேனே, அதே அளவு.

கட்டியதோடு விட்டேனா? மீனின் வயிற்றில் கல் கீறிவிடக் கூடாது என்று தொட்டிகளின் உட்புறம் முழுக்கச் சிமென்ட் பால் தடவி வழவழப்பாக்கச் சொன்னேன். அதோ நிற்கிறாரே லிங்கராஜ் மேஸ்திரி, அவரைத்தான் மூன்று முறை தேய்க்க வைத்தேன். இவ்வளவு மினுக்கு மீனுக்கு எதற்கு சார் என்று கேட்டார். பேசாமல் தேயும் என்றேன். படிக்கட்டு பளபளப்பாக இருக்க, பக்கத்தில் பழைய சுவர் பாசி பிடித்துக் கரடுமுரடாக நின்றால் பார்க்க நன்றாக இருக்குமா? அந்தச் சுவரையும் சுரண்டிப் பூசச் சொன்னேன். ஒரு திருமண மண்டபத்துச் சுவர் மாதிரி ஆகிவிட்டது.

திறந்து வைத்த மறுவாரம் நான் போய்ப் பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது தொட்டியில் இரண்டு சின்னப் பரல் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே அறிக்கை எழுதினேன். வலசை மீன்கள் தடையின்றி மேலேறுகின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரியை வைத்துத்தான் செய்தி வந்தது, நீங்கள் பாராட்டினீர்கள், அடுத்து நான்கு தடுப்பணைகளில் இதே படிக்கட்டைக் கட்டவும் முடிவானது. மழைக்காலம் முடிந்ததும் வேலை தொடங்கப்போகிறது.

போன வருடம், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிய வாரம், மகளோடு பொன்முடிக்குப் புறப்பட்டேன். மலை பார்க்க என்று சொன்னேன். உண்மையில் என் படிக்கட்டை அவளுக்குக் காட்டத்தான். தடுப்பணைக்குப் பக்கத்தில் ஷிஜா என்ற பெண் ஒரு தேநீர்க் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய அப்பா தென்காசிப் பக்கமிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். அவள் பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம், நம்மில் பலரைப் போல. நான் தேநீரைக் குடித்துக்கொண்டே மகளுக்குத் தொட்டி தொட்டியாக விளக்கிக்கொண்டிருந்தேன். ஷிஜா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் துடைத்துவிட்டு வந்தாள்.

“சாரே, ஞான் ஒரு காரியம் சொன்னா கோவிக்கப்பிடாது. உங்க படியில ஒண்ணும் கேறுறதில்ல. அதுல கெடக்குற பரலெல்லாம் மேல இருந்து ஒழுகி விழுந்தது.”

ஒன்றும் ஏறவில்லை என்றாள், கோபப்படவும் கூடாது என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உனக்கு எத்தனை வருடம் மீன் தெரியும் என்று கேட்டேன். இந்த ஆற்றில் மழைக்கு மேலே வருவது மலஞ்ஞில் குஞ்சு என்று சொன்னாள். மலஞ்ஞில் என்றால் விலாங்கு, தாய்மார்களே. முன்பெல்லாம் பழைய சுவரின் பாசியைப் பற்றிக்கொண்டு கொஞ்சமாவது ஏறும், பூசிய பிறகு அதுவும் இல்லை, மேலே இப்போது இருப்பதெல்லாம் வயதான மலஞ்ஞில் மட்டும்தான் என்றாள். நாளைக் காலையில் வந்து என் கயிற்றுப் பாயைப் பாருங்கள் என்றும் சொன்னாள்.

அன்று நாங்கள் விதுரையில் தங்கினோம். காலை ஆறு மணிக்கு, மகளையும் எழுப்பாமல், நான் ஒருவனே போனேன். ஷிஜா தன் கடைப் படிக்கட்டில், சுற்றுலாக்காரர்களின் சேறு படாமல் இருக்க, பதினைந்தடி நீளக் கயிற்றுப் பாய் விரித்திருப்பாள். அதை அலசி, ஊறட்டும் என்று தடுப்பணையின் ஓரச் சுவரில் மேலிருந்து கீழாகத் தொங்கவிட்டிருந்தாள். மேல் நுனி தேங்கிய தண்ணீருக்குள், கீழ் நுனி அடியில் இருக்கும் மடுவுக்குள். அணைத் தண்ணீர் அதன் வழியே கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்தேன். பாய் அசைந்தது.

காற்று இல்லை. கையால் தொட்டேன். நூல் நூலாக, விரல் நீளத்தில், உள்ளே முதுகெலும்பு தெரிகிற மாதிரிக் கண்ணாடிபோல நூற்றுக்கணக்கான உயிர்கள். ஒவ்வொன்றும் தேங்காய் நாருக்குள் உடலை வளைத்து, நாரைப் பிடித்து, நெளிந்து, நின்று, மறுபடி நெளிந்து, மூன்று மீட்டர் செங்குத்தில் ஏறிக்கொண்டிருந்தன. ஒன்று என் விரல் இடுக்கில் புகுந்து, அதையும் பாய் என்று நினைத்து ஏறியது. நான் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

அவை எங்கிருந்து வருகின்றன, பெரியோர்களே? சால்மன் ஆற்றில் பிறந்து கடலில் வளர்கிறது. விலாங்கு அதற்கு நேர் எதிர். இந்தியப் பெருங்கடலின் ஆழத்தில் எங்கோ பிறக்கிறது. எங்கே என்று கேட்காதீர்கள், நம் ஆற்று விலாங்கு முட்டையிட்டதைக் கண்ணால் கண்ட மனிதன் ஒருவனும் இல்லை. ஓர் இலைபோலத் தட்டையாக, கடல் நீரோட்டத்தில் மாதக்கணக்கில் மிதந்து, முதலப்பொழிக் கழிமுகத்துக்கு வந்து, நூலாக உருமாறி, கல்லாறு போய்ச் சேர்கிற வாமனபுரம் ஆற்றில் ஏறி, ஊர் ஊராகக் கடந்து, என் சுவருக்கு வந்து நிற்கிறது. ஏறிவிட்டால் பத்து வருடம், இருபது வருடம் மலை நீரில் வாழும். ஒருநாள் வெள்ளத்தோடு இறங்கி, பிறந்த கடலுக்குப் போய், முட்டையிட்டு முடிந்துபோகும். சமுத்திரம் அனுப்பிய அந்த விருந்தாளி வாசலில் நிற்கிறது. நான் கதவுக்கு வழவழப்பாகப் பூச்சு பூசி வைத்திருக்கிறேன்.

விலாங்கு தாவாது. தாவத் தெரியாது. அதற்குப் பிடிப்பு வேண்டும், ஈரம் வேண்டும், சொரசொரப்பு வேண்டும். தாவுகிற மீனுக்குக் கட்டிய படிக்கட்டை, ஊர்கிற மீனின் ஆற்றில் கொண்டுவந்து வைத்தேன். அமெரிக்காவில் கண்ணாடியில் கைவைத்து உருகி நின்றவன், கல்லாற்றில் எந்த மீன் ஏறுகிறது என்று கரையில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழி கட்டுகிறேன் என்று போய், இருந்த வழியையும் பூசி அடைத்தேன். அதன்மேல் தடையின்றி மேலேறுகின்றன என்று கையெழுத்தும் போட்டேன்.

முன்வரிசையில் ஓர் ஐயா, விலாங்கு புளிக்குழம்புக்கு நன்றாக இருக்கும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார். காதில் விழுந்தது ஐயா. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சட்டியில் வைக்கவும் அது முதலில் சுவரைத் தாண்டி வரவேண்டும்.

இதைக் கண்ட பிறகு நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. பதினொரு மாதம் வாயைத் திறக்கவில்லை. ஓய்வுபெற்றாயிற்று, யார் கேட்கப்போகிறார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வெட்கம், வேறொன்றும் இல்லை. உங்கள் அழைப்பிதழ் வந்தது. மீன்களுக்குப் படி கட்டிய மேதை. மகள் அழைப்பிதழையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

“போகாண்டாம்னா போகாண்டாம் அப்பா. போனா, உள்ளத சொல்லிட்டு வாங்கோ.”

அவ்வளவுதான் சொன்னாள். அதனால்தான் வந்தேன். இந்தச் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருக்கிறது. என் அறிக்கை தவறு, அந்தப் படிக்கட்டில் ஒரு மீனும் ஏறவில்லை, அதை நம்பி மற்ற நான்கு இடங்களில் கட்ட வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு, முப்பது வருடம் நான் ஏறி இறங்கிய அலுவலகத்தில், என் கையாலேயே கொடுக்கப்போகிறேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் அதை வாங்கிப் படிப்பார்கள். சிரிப்பார்களோ, திட்டுவார்களோ, தெரியாது. ஆனாலும் போவேன். விரல் நீளத்து உயிர் ஒன்று வெறும் நாரைப் பிடித்து மூன்று மீட்டர் ஏறுகிறது. எனக்கு அங்கே பன்னிரண்டு படிதான், கைப்பிடியும் உண்டு.

கடிதம் நகர்ந்து, கோப்பு நகர்ந்து, உத்தரவு வர மாதங்கள் ஆகும். மழை அதுவரை காத்திருக்காது. இன்னும் இரண்டு வாரத்தில் இடவப்பாதி. கடல் அனுப்பிவிட்டது, அவை கிளம்பிவிட்டன. அந்த அணையைப் பார்த்துக்கொள்கிற அதிகாரியிடம் பேசிவிட்டேன். சுவரைத் தொடாமல், மேலே கட்டித் தொங்கவிடுவதானால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கட்டிவிட லிங்கராஜ் மேஸ்திரி வருகிறார். பார்த்துக்கொள்ள ஷிஜா இருக்கிறாள். தொங்கவிடப் பாய் வேண்டும். ஒன்று போதாது, சுவரின் இரண்டு ஓரத்துக்கும் வேண்டும். ஷிஜாவிடம் கேட்டேன், இந்தப் பாய் எங்கே வாங்கியது என்று. சாலைக்கடைத் தெருவில் என்றாள். அங்கே எந்தக் கடை என்றேன். புரட்டிக் காட்டினாள், பின்புறத்தில் துணிச்சீட்டு தைத்திருந்தது. அந்தக் கடைக்காரர்தான் இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார்.

அருமைத் தலைவர் அவர்களே, இந்த மேசைமேல் இருக்கும் பொன்னாடையைத் திருப்பித் தருகிறேன். அன்போடு போர்த்தினீர்கள், அந்த அன்பை நான் வைத்துக்கொள்கிறேன், ஆடையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் போர்த்த வேண்டாம். நான் பூசி வைத்த அந்த மொட்டைச் சுவருக்குப் போர்த்துங்கள். உங்கள் கடையிலிருந்து கயிற்றுப் பாய் தாருங்கள், அதைப் போர்த்துங்கள். சமுத்திரத்திலிருந்து நடந்தே வருகிறவர்களுக்கு அதுதான் மரியாதை.

தலைவர் மைக் இல்லாமலே என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறார். உங்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன்.

“எத்தன அடி வேணும்னு மட்டும் சொல்லும் வேய்.”

அறுபது அடி ஐயா. அறுபது அடி போதும்.

இதுவரை பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், மடியில் தூங்கிவிட்ட குழந்தைகளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே கேட்ட தாய்மார்களுக்கும், நின்றுகொண்டே கேட்ட தோழர்களுக்கும் என் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு இந்த வாசலிலிருந்து வண்டி கல்லாற்றுக்குப் புறப்படும், பாயோடு. இடம் இருக்கிறது, வருகிறவர்கள் வாருங்கள். கையெழுத்துப் போட்டுத் தவறியவனின் கைகூப்பிய வணக்கம்.